முகம் திருப்பிக்கொள்கிறவர்கள்

அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே அறைக்கும் தண்ணீர்த்தொட்டிக்கும் நடுவே
எனக்கு ஓர் அறை, வியாழக்கிழமைகளுக்கு மட்டும்.
மற்ற நாட்களில் அதில் துடைப்பமும் பினாயிலும் குடியிருக்கும்.
நான் வந்தால் அவை வெளியே போகும்.
சில வாரம் போகாது.

முதல் வருடம் படித்த தமிழில் கேட்டேன்:
'தற்கொலை எண்ணங்கள் ஏதேனும் உண்டா?'
வாகைக்குளத்துக்காரர் யோசித்துவிட்டு
'அதெல்லாம் எங்க பக்கம் வெளையாதும்மா' என்றார்.
செருப்பு மாட்டப் போனவரைப் படியில் பிடித்து
மறுபடி கேட்டேன்:
'செத்துப் போயிரலாம்னு இருக்கா, அண்ணாச்சி?'
ஒரு செருப்பு காலில், ஒன்று கையில்.
'பிசானம் அறுத்ததுலேருந்து' என்றார்.
மதுரையில் வாங்கிய பட்டம்
அறைக்குள்ளேயே இருந்தது.

இந்தப் பக்கம் மருந்து என்றால் இரண்டு.
'மருந்தக் குடிச்சிட்டான்' என்று ஓடிவருவாள்.
'மருந்தக் குடிக்க மாட்டேங்கான்' என்று அழுவாள்.
அதே தாய், அதே மகன், மூன்று வார இடைவெளி.
எந்த மருந்து என்பதை
அவள் முந்தானை கிடக்கிற கிடையில் தெரிந்துகொள்ளலாம்.
வயலுக்கு அடிக்கிறதைப் பூட்டி, சாவியை
பேச்சு முறிந்த சித்தப்பன் வீட்டில் கொடுக்கச் சொன்னேன்.
சாவி வேண்டுமென்றால் அவரிடம் பேச வேண்டும்.
அந்தப் பையனுக்குச் சாவதைவிட
அது கஷ்டம்.

பெயர்கள் சொல்வதில்லை.
கொம்பையா என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்,
அந்தப் பெயரில் என்னிடம் யாரும் வந்ததில்லை.
முக்கூடலில் பீடி சுற்றுகிற ஒருத்தியைச் செல்லத்தங்கம் என்போம்.
நடுராத்திரி எழுந்து, சுற்றியதையெல்லாம் எண்ணுவாள்.
ஆயிரத்தில் ஒன்று குறையும், தினமும்.
தட்டோடு கூட்டிவந்தார்கள்.
'சரியாத்தான் இருக்கு' என்று நான் சொல்லவில்லை.
தரையில் உட்கார்ந்து நானும் எண்ணினேன்.
எனக்கும் ஒன்று குறைந்தது.
அதற்குப் பிறகுதான்
அந்தக் குழந்தையின் பெயரைச் சொன்னாள்.

கொக்கிரகுளம் பாலத்திலிருந்து ஒருவன்,
இரவு இரண்டு மணி, போனில்.
இன்னொரு காதில் போலீஸ் நம்பர் மணி அடித்துக்கொண்டிருக்க
என்னிடம் பெரிய வாக்கியம் எதுவும் இல்லை.
'அங்க கொசு கடிக்கலயா?' என்றேன்.
'கடிக்கி.'
'எங்க?'
'கழுத்துல. நீங்க என்ன கேள்வி கேக்கீங்க?'
திட்டினான். திட்டட்டும்.
ஜீப் வரும்வரை
கொசுவைப் பற்றித்தான் பேசினோம்.

கொம்பையா பதினோரு வியாழன் வந்தார்.
சிரித்தார். மகள் கல்யாணத்துக்கு நாள் பார்த்ததைச் சொன்னார்.
எழுந்திருக்கும்போது 'வாரேம்மா' என்றார்.
போகிறேன் என்று சொல்லக்கூடாத ஊர் இது,
போகிற அத்தனை பேரும் வாரேன் என்கிறார்கள்.
எந்த வாரேன் எது என்று
இருபத்தாறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
அதை மட்டும் தவறாகக் கேட்டேன்.
அன்றைக்கு வீட்டில் வெண்டைக்காய் நறுக்கினேன்,
எல்லாம் ஒரே அளவில்,
யாரோ அளந்து பார்க்கப்போகிற மாதிரி.

குணமானவர்கள் என்னைத் தெருவில் பார்த்தால்
முகம் திருப்பிக்கொள்வார்கள்.
தெரியும் என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பார்களே.
துணிக்கடையில், கல்யாண வீட்டில், ஓட்டுப் போடுகிற வரிசையில்
எத்தனை முதுகுகள்.
நானும் பார்க்காதவள் மாதிரி நிற்பேன்.
இதுவும் வேலையில் சேர்ந்ததுதான்.

போன வாரம் கல்லிடைக்குறிச்சியில் அவள் ஏறினாள்,
செல்லத்தங்கம், சொந்தக்காரப் பெண்கள் மூன்று பேரோடு.
என்னைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
எனக்கு முன் இருக்கை.
வீரவநல்லூர் தாண்டியதும் தலை கம்பியில் சாய்ந்தது.
வாய் லேசாகத் திறந்து, பஸ் குலுக்கிய குலுக்கலுக்கும் எழாமல்
தூங்கினாள்.
மடியில் விரல்கள் எதையும் எண்ணவில்லை.

சேரன்மகாதேவி வந்தது. நான் இறங்க வேண்டிய இடம்.
கண்டக்டர் இரண்டு தடவை கேட்டார்.
பத்தமடைக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன்.